ஒரே மாதிரி ஆறு வரி

திருச்செங்கோட்டில் கணக்கு மென்பொருள் விற்கும் கடையில் நான் புரோகிராமர். பெயர் பிரபா. என் வேலையில் தப்பே வராது என்ற தலைக்கனம் அப்போது எனக்கு நிறைய இருந்தது.

ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகளின் முதலாளி கதிர்வேலின் வங்கி, ஸ்டேட்மெண்டைப் பழைய பாணிக் கோப்பாகத்தான் தரும். எங்கள் மென்பொருள் அதை ஏற்காது. அதற்கென்று தனியாக ஒரு கன்வெர்ட்டர் எழுதினேன். அந்தக் கோப்பில் ஒவ்வொரு பக்கத்தின் கடைசி வரியும் அடுத்த பக்கத்தின் தலையில் மறுபடி வரும். சனியன் ஒழியட்டும் என்று ஒரு விதி போட்டேன். தேதி, தொகை, விவரம் மூன்றும் ஒன்றாக இருந்தால் ஒரு வரியை மட்டும் வைத்துக்கொள், மற்றதைத் தூக்கிப் போடு.

ரிக் வண்டி வெளி மாநிலம் கிளம்பும் நாளில் பூஜை போட்டு, ஏறும் ஆறு பேருக்கும் ஒரே தொகையை முன்பணமாகக் கொடுப்பார் கதிர்வேல். ஒருவனுக்குக் கூடினால் வழியிலேயே சண்டை வரும். கணக்கெழுதும் சௌந்திரம் அக்கா, பதினோரு வருடமாகப் பெயர் போடாமல் 'வண்டி 4 முன்பணம்' என்றே ஆறு முறை அனுப்புவார். கன்வெர்ட்டர் போட்ட மாதம் மூன்று வண்டிகள் கிளம்பின. ஆளுக்குப் பத்தாயிரம். என் கன்வெர்ட்டர் வண்டிக்கு ஒரு வரியை வைத்துக்கொண்டு ஐந்தைத் தின்றுவிட்டது.

வங்கியில் ஒன்றரை லட்சம் குறைந்தது. மென்பொருளில் அதற்குக் கணக்கில்லை. பணம் வாங்கியவர்கள் சத்தீஸ்கர் காட்டுக்குள், போன் எட்டாத இடத்தில் இருந்தார்கள்.

"ஆறு பேருக்கும் அனுப்புனேனுங்க. ஏங்கண்ணு, பேங்குத் தாளை எடுத்துப் பாரு" என்றார் சௌந்திரம் அக்கா என்னிடம்.

"அதுல இருந்துதானுங்கக்கா இது வருது. கம்ப்யூட்டர் பொய் சொல்லுமா?" என்று கேட்டேன். பாவி, அந்தக் கோப்பை அன்றைக்கே திறந்திருக்கலாம்.

"எழுதிக் குடுக்கறீங்களா, ஸ்டேஷனுக்குப் போலாமா?" என்றார் கதிர்வேல்.

ஸ்டேஷன் என்றதும் சௌந்திரம் அக்கா ஆடிப்போனார். எடுத்ததாக எழுதிக் கொடுத்தார். கழுத்துச் சங்கிலியை விற்றுப் பணத்தைக் கட்டினார். வேலையும் போனது.

இரண்டு மாதம் கழித்து இன்னொரு வண்டி கிளம்பியது. ஐந்து வரிகளைக் காணோம் என்று புதுக் கணக்காளர் போன் செய்தார். அன்றுதான் வங்கிக் கோப்பைத் திறந்தேன். ஆறு வரிகளும் வரிசையாக இருந்தன. நேரே கதிர்வேலிடம் போய்ச் சொன்னேன்.

"பணத்தைத் திருப்பிக் குடுத்தரலாம். வெளிய சொல்ல வேண்டாமுங்க" என்றார் கதிர்வேல். எனக்கு வந்த ஆத்திரத்தில் பழைய கோப்பை அச்செடுத்துக்கொண்டு, அக்காவின் ஊரான மல்லசமுத்திரத்துக்குப் பஸ் ஏறினேன்.

"தப்பு என்னுதுங்கக்கா. நீங்க எடுக்கலை" என்று தாளை நீட்டினேன்.

சௌந்திரம் அக்கா அதைத் தொடவில்லை. "நான் எடுக்கலைன்னு எனக்குத் தெரியாதா கண்ணு?" என்றார்.

ப்ளஸ் டூ படிக்கும் மகள் நித்யஸ்ரீதான் அதை வாங்கினாள். விரல் வைத்து ஆறு வரிகளையும் எண்ணினாள். பிறகு நிமிர்ந்தாள்.

"அப்ப, நெசமாவே நீ எடுக்கலையாம்மா?"

அதுவரை அழாத சௌந்திரம் அக்கா அப்போதுதான் அழுதார்.