ஏழாம் நம்பர் கம்ப்யூட்டர்

பச்சை டிக்கை நம்பினால் நடுத்தெருவில்தான் நிற்க வேண்டும் என்பது பிரீனாவுக்குத் தெரிய இரண்டு வருஷம் ஆனது. சுசீந்திரம் ரோட்டில் இருக்கும் அந்தச் சின்னக் கண் ஆஸ்பத்திரியில் கம்ப்யூட்டர் என்றால் எல்லாம் அவள் தலையில்தான். பதினொரு வருஷத்து நோயாளிகளின் விவரம் முழுக்க ஒரே டேட்டாபேஸ் ஃபைலாக, மாடிப்படிக்கடியில் இருந்த நெட்வொர்க் பெட்டியில் கிடந்தது. ஆஸ்பத்திரியின் ஆறு கம்ப்யூட்டரும் அதைத்தான் திறந்து எழுதின. தினமும் மதியம் ஒன்றரைக்கு அதன் நகல் தானாக வேறொரு டிஸ்க்குக்குப் போகும், பச்சை டிக் வரும்.

திங்கட்கிழமை பெட்டியிலிருந்து டக் டக்கென்று சத்தம். டிஸ்க் சாகப்போகிறது. நகல்தான் இருக்கிறதே என்று ஒன்றைத் திறந்தாள். ஃபைல் பழுது என்றது. முந்தின நாளுடையதும் பழுது. கையிருப்பில் இருந்த நாற்பதும் அதே கதை. யாருக்கு எந்த லென்ஸ் வைத்தது, யாருக்கு எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, எல்லாம் அந்த டக் டக்கில் தொங்கிக்கொண்டிருந்தது.

காரணம் அவளுக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. நகல் எடுக்கும்போது யாரோ ஃபைலைத் திறந்து வைத்து எழுதிக்கொண்டிருக்கிறார்கள். பாதி பழசும் பாதி புதுசுமாகப் போகிறது. யாரோ என்ன யாரோ, பதிவு கவுன்டர் ஜெபகனிதான். செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு, நீண்ட வரிசைக்கு முன்னால் வைத்தே பிடித்துக்கொண்டாள்.

"எக்கா, சாப்பிடப் போம்போ மூடிட்டுப் போங்கன்னு எத்தன மட்டம் சொன்னேன்?"

"மூடிட்டுத்தான் போனேன் மக்கா."

"பின்ன எப்படி ஒடையுது? பொய் சொல்லாதீங்க."

குளச்சலில் இருந்து வந்த பெரியவர் ஒருவர் கண்ணில் கட்டோடு இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். ஜெபகனி முகம் செத்துப்போய்க் குனிந்துகொண்டாள்.

புதன்கிழமை மதியம் ஆறு கம்ப்யூட்டரையும் பிரீனா தன் கையாலேயே அணைத்தாள். அன்றைய நகலும் உடைந்தது. பெட்டியைத் தூக்கிப் பழையாற்றில் எறியலாமா என்று இருந்தது. வியாழன் காலை சத்தம் இன்னும் பலத்தது. அப்போதுதான், ஃபைலை யார் திறந்திருக்கிறார்கள் என்று பெட்டி காட்டும் பட்டியலைப் பார்த்தாள். முதல் நாளே பார்த்திருக்கலாம். திட்டுவதற்கு ஆள் கிடைத்த பிறகு பட்டியல் எதற்கு?

அதில் ஏழு கம்ப்யூட்டர் இருந்தது.

மருந்துக்கடை, டாக்டர் அறை, மேஜைக்கடி எல்லாம் குனிந்து தேடிவிட்டு, இடுப்பு வலியோடு காத்திருப்போர் நடுவில் வந்து உட்கார்ந்தாள். எல்லாரும் மேலே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவளும் பார்த்தாள். டோக்கன் 43 என்றது சுவரில் இருந்த டிவி. அதன் முதுகில் உள்ளங்கை அளவு கம்ப்யூட்டர். டோக்கன் மாறுகிறதோ இல்லையோ, பத்து விநாடிக்கு ஒருமுறை டேட்டாபேஸில் எழுதுகிற சாதனம். போன வருஷம் ஏணி போட்டு ஏறி ஒட்டியது சாட்சாத் பிரீனாவேதான். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

மதியம் வரை டிஸ்க் தாங்காது. கவுன்டருக்கு ஓடினாள்.

"எக்கா, நீங்க இல்ல. நான் வச்ச டிவிதான். இப்பமே எல்லாத்தையும் நிறுத்திட்டு நகல் எடுக்கணும்."

ஜெபகனி அவளை ஏறிட்டுப் பார்த்தாள். "எவ்வளவு நேரம்?"

"இருபது நிமிசம்."

டிவி அணைந்ததும் கூடம் சலசலத்தது. ஜெபகனி ஒரு தாளில் பெயர்களை எழுதிக்கொண்டு எழுந்து நின்றாள். "நாப்பத்தி நாலு, நாராயணபெருமாள்!" என்று தொண்டை கிழியக் கூப்பிட்டாள். அவள் ஐம்பதைக் கூப்பிடும்போது நகல் முடிந்தது. பிரீனா அதைத் திறந்து பார்த்தாள். திறந்தது.

ஒரு பாட்டில் தண்ணீரைக் கொண்டுபோய் கவுன்டரில் வைத்தாள். "எக்கா, தப்பா நெனச்சிராதீங்க."

ஜெபகனி தண்ணீரைக் குடித்தாள். "எனக்கிட்ட சொல்லிட்ட, சரி. அன்னைக்கு வரிசையில நின்னவங்ககிட்ட யாரு சொல்லுவா?"

பிரீனா திரும்பி நடந்தாள். இடத்துக்கு வந்து, பிழைத்த நகலில் செவ்வாய்க்கிழமையைத் தேடினாள். பதினொரு மணிக்குப் பதினான்கு பெயர். குளச்சல் பெரியவர் மறுபடி வரவேண்டிய நாள் திங்கள் என்று இருந்தது. அன்றைக்கு அவர் வரும்போது கவுன்டரில் போய் நிற்க வேண்டும். நினைக்கும்போதே முகம் சுட்டது.