வைப்பர் நின்ற மழை

அறிவுச்செல்வி டேஷ்போர்டின் கீழ்ப்பலகையைக் கழற்றி, கீழே தரையில் நின்றிருந்த டிரைவர் குமரகுருவிடம் நீட்டினாள். உள்பக்கம் முழுக்கப் புழுதி. அவன் அதை வாங்கி, எங்கே வைப்பதென்று தெரியாமல் மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டான். நாமக்கல் பைபாஸை ஒட்டிய பட்டறை அது. ஒரு பக்கம் வெல்டிங் பொறி பறந்தது. மறுபக்கம் பாடி கட்டுகிறவர்கள் தகரத்தை அடித்துக்கொண்டிருந்தார்கள். அறிவுச்செல்வி லாரிகளின் மின்கோளாறு பார்க்க லேப்டாப்போடு பட்டறை பட்டறையாகப் போகிறவள். கிளீனர் உட்காரும் பக்கத்தில் மல்லாந்து படுத்து, தலையை உள்ளே நுழைத்து, வயர்க் கொத்துகளை ஒவ்வொன்றாக உருவிவிட்டு, டிபன் பாக்ஸ் அளவுக்கு ஒரு கறுப்புப் பெட்டியை வெளியே எடுத்தாள். பின்களில் பச்சைக் களிம்பு பூத்திருந்தது.

"இதானுங்கண்ணா. லைட்டு, ஆரன், வைப்பர் எல்லாம் இது சொன்னாத்தான் வேலை செய்யும். முன்கண்ணாடி ரப்பர் வழியாத் தண்ணி எறங்கி உள்ள நின்னிருக்குது."

வண்டிக்கு ஓனரான மருதாசலம் பெட்டியை வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பழைய வண்டிதான், அவருக்கு இருப்பதும் அது ஒன்றுதான். "அப்ப அன்னிக்கு மழையில வைப்பரை நிறுத்துனது இதேதான்."

"நிறுத்தியிருக்கலாமுங்க. கோளாறு வந்திருக்குதுன்னு லேப்டாப்புல காட்டுது. என்னிக்கு வந்துச்சுன்னு காட்டாது. பழைய மாடலுங்க."

மருதாசலம் பின்பாதியைக் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. குமரகுருவின் தோளில் கையை வைத்தார். "நான் அன்னிக்கே சொன்னனல்ல. வண்டி பண்ணுன தப்பு. நீ எதுக்கு மனசைப் போட்டுக் கொழப்பிக்கற?"

குமரகுரு தலையை ஆட்டினான். பலகையில் இருந்த புழுதி சட்டையில் அப்பியிருந்தது.

அன்றைக்கு மேட்டூர் அனல்மின் நிலையத்தில் சாம்பல் ஏற்றித் தார்ப்பாய் கட்டிக்கொண்டு சிமென்ட் ஆலைக்குப் புறப்பட்டபோது மதியம் தாண்டிவிட்டது. வழியில் சாப்பிட்டான். ஜலகண்டாபுரத்தை நெருங்கும்போது மழை பிடித்தது. கண்ணாடி முழுக்கத் தண்ணீர் வழிந்து ரோடு கரைந்துபோனது அவனுக்கு ஞாபகம் இருந்தது. அடுத்த ஞாபகம், பம்பரில் ஏதோ இடித்த சத்தமும், ரோட்டோரத்தில் சரிந்து கிடந்த மொபெட்டும், மழையில் உட்கார்ந்தபடி தன் வலது கையை இடது கையால் ஏந்திக்கொண்டிருந்த பெண்ணும்தான். சுற்றி ஆள் கூடியதும் அவன் வாயிலிருந்து முதலில் வந்தது, "வைப்பர் நின்னு போச்சுங்க" என்பது. பொய் சொல்கிறோம் என்று நினைத்துச் சொல்லவில்லை. அதற்கு முந்தின வாரம் இரண்டு தடவை அது நின்றிருக்கிறது. தானாக ஆரன் அடித்திருக்கிறது. போலீசும் கேட்டுக்கொண்டது, மருதாசலமும் கேட்டுக்கொண்டார், எருமப்பட்டியில் அவன் மனைவி அகல்யாவும் கேட்டுக்கொண்டாள். யாருமே மறுகேள்வி கேட்கவில்லை. கேட்டிருந்தால் அப்போதே யோசித்திருப்பானோ என்னவோ. கண்ணாடியில் ரோடு கரைந்தது அன்றைய மழையிலா, முந்தின வாரத்து மழையிலா என்பது இப்போது எப்படிப் பிரித்துப் பார்த்தாலும் பிடிபடவில்லை.

வேறு பெட்டி புனேவிலிருந்து வரவேண்டும், புதிது இப்போது செய்வதில்லை, உடைத்த வண்டியிலிருந்து எடுத்ததுதான் கிடைக்கும் என்றாள் அறிவுச்செல்வி. அதுவரை குமரகுரு வீட்டில் இருக்கவேண்டியதாயிற்று. இருப்புக் கொள்ளவில்லை. காலையில் கடை வரைக்கும் போனான், வந்தான், மறுபடி போனான். சரியாக ஓடிக்கொண்டிருந்த தண்ணீர் மோட்டாரைப் பிரித்துப் போட்டு, மாட்டத் தெரியாமல் ஆள் கூட்டிவந்தான். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அகல்யா பாயை விரித்து, "செத்த நேரம் படுங்களே, மொகமே வாடிக் கெடக்குது" என்றாள்.

"மத்தியானத்துல எவன் தூங்குவான்?"

அவ்வளவு சத்தமாகச் சொல்ல அதில் ஒன்றுமில்லை. அகல்யா அவனைப் பார்த்துவிட்டுப் பாயைச் சுருட்டினாள். அவன் வெயிலில் போய் நின்றான். நின்றுகொண்டே கண் செருகியது. முகத்தில் தண்ணீரை அடித்துக்கொண்டான்.

பெட்டி வந்துவிட்டது, காலையில் மாட்டிவிடலாம் என்று மருதாசலம் போன் செய்த அன்று, குமரகுரு பஸ் மாறி மாறி ஜலகண்டாபுரம் போனான். அந்தப் பெண்ணின் பெயர் ஸ்ரீதேவி. மருதாசலம் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்துச் செலவையும் ஏற்றுக்கொண்டிருந்தார். குமரகுரு இதுவரை போகவில்லை. எதற்காக இப்போது போகிறோம் என்று கேட்டால் சொல்லத் தெரிந்திருக்காது. கையில் சாத்துக்குடிப் பை இருந்தது.

தெருவே தறிச்சத்தத்தில் அதிர்ந்துகொண்டிருந்தது. ஸ்ரீதேவியின் வீட்டில் முன்பாதி தறி, பின்பாதிதான் குடித்தனம். அவள் கணவன் தறிகளுக்கு நடுவே நின்றபடி யாரென்று சைகையில் கேட்டான். சொன்னதும் முகம் ஒருகணம் இறுகி, பிறகு உள்ளே கைகாட்டினான். முழங்கை வரை மாவுக்கட்டோடு அவள் ஒரு நாற்காலியில் இருந்தாள். பக்கத்தில் தறிக்கு நூல் சுற்றும் ராட்டை சும்மா நின்றது. முப்பது வயதைத் தாண்டியிருக்காது.

"ஒக்காருங்க" என்று கத்தினாள். "சத்தத்துல கேக்காதுங்க."

அவன் உட்கார்ந்தான். கை எப்படி இருக்கிறது என்று கேட்டான். கட்டுப் பிரித்த பிறகுதான் தெரியும் என்றாள். விரலை மெல்ல மடக்கிக் காட்டினாள். சுண்டுவிரல் மட்டும் வரவில்லை. விருந்தாளி வந்திருக்கிறாரே என்று அவள் கணவன் தறிகளை நிறுத்திவிட்டு டீ வாங்கக் கிளம்பினான். சத்தம் சட்டென்று அடங்கியது. அவள் குரலையும் தணித்துக்கொண்டாள்.

"உங்க மேல எனக்கு ஒண்ணும் கோவமில்லீங்க. நானும் ஒதுங்கியிருக்கணும். உங்க வண்டி வாரது நல்லாத் தெரிஞ்சுது. கண்ணாடியில அந்தக் குச்சி ரெண்டும் ஆடிக்கிட்டே இருந்துச்சு. உங்க தலை மட்டும் கீழ இருந்துச்சு. என்னமோ உழுந்துருச்சு, எடுக்கறீங்க, எடுத்துட்டு நிமுந்துக்குவீங்கன்னு நெனச்சேன்."

குமரகுரு சாத்துக்குடிப் பையைக் கீழே வைத்தான். "குச்சி ஆடுச்சுங்களா?"

"ஆடாம? மழை பேஞ்சுதுங்களே."

சாதாரணமாகத்தான் சொன்னாள். எதையும் கண்டுபிடித்தவள்போல இல்லை. அவள் கணவன் தூக்குப்போசியில் டீயோடு வந்து டம்ளரில் ஊற்றினான். "வைப்பர்ல கோளாறுன்னு உங்க ஓனர் சொன்னாருங்க. சரி பண்ணியாச்சுங்களா?"

"நாளைக்குப் பண்ணிருவாங்க."

ஸ்ரீதேவி நிமிர்ந்து குமரகுருவைப் பார்த்தாள். பிறகு ராட்டையைப் பார்த்தாள். அவன் சூட்டோடு டீயை விழுங்கினான். நாக்கு பொத்துப்போனது. எழுந்து, "வாரனுங்க" என்று இருவருக்கும் பொதுவாகச் சொல்லிவிட்டு வெளியே வந்தான். தெருமுனை திரும்புவதற்குள் தறிகள் மறுபடி ஓட ஆரம்பித்துவிட்டன. பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தும் சங்ககிரி வரைக்கும் நின்றுகொண்டே வந்தான்.

மறுநாள் காலையில் அவன் பட்டறைக்குப் போனபோது பெட்டி உள்ளே ஏறியிருந்தது. அறிவுச்செல்வி மடியில் லேப்டாப்பை வைத்து எதையோ ஏற்றிக்கொண்டிருந்தாள். சாவியை இந்தப் பெட்டிக்குப் பழக்கவேண்டும், இல்லாவிட்டால் வண்டி கிளம்பாது என்றாள். மூன்றாம் தடவை கிளம்பியது. லைட்டு, இன்டிகேட்டர், ஆரன் என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார்கள். வைப்பர் காய்ந்த கண்ணாடியில் கிரீச்சென்று இழுபட்டது. முன்கண்ணாடிக்குப் புது ரப்பர் அடித்திருந்தார்கள். "இனி தண்ணி எறங்காதுங்கண்ணா" என்று சொல்லிவிட்டு அவள் அடுத்த வண்டிக்குப் போய்விட்டாள்.

மருதாசலம் சாவியை நீட்டினார். "மேட்டூர்ல லோடு பேசியிருக்கேன். பாத்துப் போயிட்டு வா சாமி."

குமரகுரு கையை நீட்டவில்லை. "அண்ணா, அன்னிக்கு வைப்பர் நிக்கலீங்க."

"என்ன சொல்ற?"

"ஓடிக்கிட்டுத்தான் இருந்திருக்குதுங்க. நான் கண்ணசந்துட்டேன். நேத்து அந்தப் பொண்ணப் போய்ப் பாத்தேன். அது சொல்லித்தான் எனக்கே வெளங்குச்சு."

பக்கத்தில் தகரம் அடிக்கும் சத்தம் நின்று, மறுபடி தொடங்கியது. மருதாசலம் சாவியைச் சட்டைப் பையில் போட்டார், எடுத்தார், உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். "அந்தப் பொண்ணுக்குத் தெரியுமா, நீ தூங்குனது?"

"நான் குனிஞ்சு என்னமோ எடுத்தேன்னு நெனச்சிருந்துச்சுங்க. வைப்பர் நின்னுதுங்கறதை அவங்க ஊட்டுக்காரர் சொன்னப்ப நிமுந்து பாத்துச்சு. அதுக்கப்பறம் என்ன நெனைக்குதோ."

"நீ ஒண்ணும் சொல்லலையா?"

"டீயக் குடிச்சுட்டு வந்துட்டேன்."

மருதாசலம் முகத்தைத் துண்டால் துடைத்தார். கோபமா, அலுப்பா, அவனால் கண்டுபிடிக்க முடியவில்லை. வேறு டிரைவர் பார்க்கிறேன் என்று சொல்வார் என்று காத்திருந்தான். சொல்லிவிட்டால்கூட நிம்மதியாக இருக்கும் என்று தோன்றியது. அவர் லாரியைச் சுற்றி ஒருமுறை நடந்து வந்தார். டயரை மிதித்துப் பார்த்தார். பிறகு சாவியை அவன் கையில் வைத்து அழுத்திவிட்டு, மறுபக்கம் போய்க் கதவைத் திறந்து, வேட்டியை மடித்துக் கட்டி ஏறி உட்கார்ந்தார்.

"எடு."

"நீங்களும் வாரீங்களா?"

"ஜலகண்டாபுரம் வழிதான? அவங்க ஊட்டு முன்னால நிறுத்து."

அவன் வண்டியை எடுத்தான். பைபாஸில் ஏறியபோது வெயில் நேர்முகத்தில் அடித்தது. மருதாசலம் ரோட்டைப் பார்க்கிறாரா தன்னைப் பார்க்கிறாரா என்று திரும்பிப் பார்க்க அவனுக்குத் துணிவு வரவில்லை. இமைக்கவே பயமாக இருந்தது. திருச்செங்கோட்டு ரோட்டில் முன்னால் ஒரு கோழி வண்டி, கூண்டுக்கு மேல் கூண்டாக அடுக்கிக்கொண்டு, வேகமாகப் போய்க்கொண்டிருந்தது. கம்பிகளுக்கு வெளியே கோழிகள் கழுத்தை நீட்டியிருந்தன. வெள்ளை இறகுகள் ஒன்று, இரண்டு, பிறகு கொத்தாகப் பறந்து வந்து கண்ணாடியில் மோதின. சில வழுக்கிப் போயின. ஒன்று மட்டும் அவன் கண்ணுக்கு நேராக ஒட்டிக்கொண்டு, காற்றில் துடித்துக்கொண்டே வந்தது.