காது போடாத கையெழுத்து

படிவம் ஒரே ஒரு பக்கம்தான். அதைக் காது படித்து முடிப்பதற்குள் டைரக்டரின் டீயில் ஆடை படிந்துவிட்டது.

“என்ன காது, பரீட்சைக்கா படிக்கிற? கடைசியில ஒரு கோடு போட்டிருக்கு பாரு. அதுல கிறுக்கிட்டுக் குடு, ஸ்கேன் பண்ணணும்.”

காது என்பது படக்குழு அவளுக்கு வைத்த பெயர். ஒலிப்பதிவுதான் அவள் வேலை. தலையில் ஹெட்போனும் தோளில் ரெக்கார்டருமாக நாள் முழுக்க நிற்பவளை வேறு எப்படிக் கூப்பிடுவார்கள்? அவளுக்கும் அந்தப் பெயரில் வருத்தமில்லை. ஆனால் படிக்காமல் கையெழுத்துப் போடும் பழக்கம் மட்டும் அவளிடம் கிடையாது. அவள் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிப் படியேறியவள் அவள்தான். கரண்ட் பில்லிலிருந்து கோர்ட் நோட்டீஸ் வரைக்கும் தெருவில் யாருக்கு எந்தக் காகிதம் வந்தாலும் அவள் கைக்குத்தான் வரும். அடியில் பொடி எழுத்தில் இருப்பதைத்தான் அவள் முதலில் படிப்பாள்.

இந்தக் காகிதத்தில் பொடி எழுத்து ஏதும் இல்லை. எல்லாம் கொட்டை எழுத்து. ‘இப்படத்தில் பணியாற்றிய எவரிடமும் நாளொன்றுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கப்படவில்லை. உணவுக்கு ஒரு மணி நேரம் விடப்பட்டது. அனைவருக்கும் விபத்துக் காப்பீடு எடுக்கப்பட்டிருந்தது.’ திரைவிழாக்காரர்கள் கேட்கும் உறுதிமொழி அது. வெள்ளிக்கிழமை மாலைக்குள் போய்ச் சேராவிட்டால் படத்தைத் திரையிட மாட்டார்கள். அன்று புதன்கிழமை.

“அக்கா, இதுல ஒண்ணுகூட நிஜம் இல்லையே.”

“நிஜம் இல்லைதான். எல்லாரும் இப்படித்தான் குடுக்கிறாங்க. உங்க கேமரா அண்ணன் காலையிலயே போட்டுட்டார்.”

கேமராமேன் மூலையில் உட்கார்ந்து ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தார். அவர் நிமிரவே இல்லை.

டைரக்டர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் விஷயம் எவ்வளவோ சுலபமாக முடிந்திருக்கும். தன் காரை விற்றுத்தான் இந்தப் படத்தைத் தொடங்கினார். ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளைத் துவைக்கும் பெரிய லாண்டரி ஒன்று. அங்கே அறுபத்து நான்கு பெண்கள். விரிப்பைப் பிரித்தால் உள்ளே ஊசி இருக்கும், கையில் ஏறும். கையுறை கொடு, ஊசியைப் பொறுக்கிவிட்டு அனுப்பும்படி ஆஸ்பத்திரியிடம் சொல் என்று இரண்டு வருஷமாகக் கேட்கிறார்கள். கேட்பாரில்லை. அவர்களைப் பற்றிய படம் இது. முதலாளியோ தன்னுடைய புது இயந்திரங்களை உலகம் பார்க்கட்டும் என்று அனுமதி கொடுத்துவிட்டார். இவர்கள் இயந்திரத்தை விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் எடுத்தார்கள்.

முதல் நாளே டைரக்டர் சொல்லிவிட்டார்: “மேடம், கீடம்னா எனக்குப் பிடிக்காது. அக்கான்னு கூப்பிடு. நாம எல்லாரும் ஒரு குடும்பம்.” அங்கேதான் வினையே. மேடத்திடம், ‘மணி மூணாச்சு, சாப்பிடப் போகலாமா’ என்று கேட்டுவிடலாம். அக்காவிடம் எப்படிக் கேட்பது? அக்காவே சாப்பிடாமல் நிற்கிறாளே! பதிமூன்று நாள் படப்பிடிப்பில் இதுவரை பதினொரு நாள் முடிந்திருந்தது; அத்தனை நாளும் காலை ஆறு மணிக்குப் போனார்கள். நின்றுகொண்டே தின்றார்கள், சில நாள் அதுவும் இல்லை. ஒலிப்பதிவுக்கு வந்தவள் விளக்குத் தாங்கியும் தூக்கினாள், வேன் டிரைவருக்கு வழியும் சொன்னாள். ஐந்தாம் நாள் நீராவிக் குழாயில் பட்டுக் கேமராமேனின் முன்கைத் தோல் உரிந்தது. அவராகவே போய்க் கட்டுப் போட்டுக்கொண்டு ஒரு மணி நேரத்தில் திரும்பி வந்தார். “அடுத்த ஷாட்” என்றார் அக்கா.

“நான் போட மாட்டேன்,” என்றாள் காது.

டைரக்டரின் குரல் இறங்கியது. “என்மேல கோபம் இருந்தா என்மேல காட்டு. அந்தப் பொம்பளைங்களை நெனச்சுப் பாரு. இந்தப் படம் வெளிய வரலைன்னா அவங்க கையில இன்னும் எத்தனை ஊசி ஏறும்? உன் ஒரு கையெழுத்து, காது. அது மட்டும்தான் நடுவுல நிக்குது.”

சுருக்கென்றது அவளுக்கு. படிவத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு படியிறங்கிவிட்டாள்.

வீட்டில் அப்பா, பஸ் டிப்போ மெக்கானிக், கிரீஸ் கையைத் துடைத்தபடி கேட்டார். “அந்தப் பொம்பளைங்க பாவம்தானே? ஒரு கையெழுத்துல என்னம்மா குறைஞ்சிடப் போற?”

அலுவலகக் கட்டடத்தில் தரை துடைக்கும் அம்மா, “அப்படி என்னதான் எழுதியிருக்கு, படி கேப்போம்,” என்றாள். காது படித்தாள். அம்மா கடைசி வரை கவனமாகக் கேட்டுவிட்டு, “சரி, இது யாரைப் பத்தி?” என்றாள்.

“எங்களைப் பத்திதாம்மா.”

“உங்களைப் பத்தியா!” அம்மா சிரித்த சிரிப்பில் அப்பாவும் சேர்ந்துகொண்டார். “பதினோரு நாளும் நீ வந்து விழுந்த லட்சணத்தை நான்தானே பாத்தேன். செருப்பைக்கூடக் கழட்டாமத் தூங்கினியே.”

சிரித்து முடித்த பிறகும் யாரும் போடு என்றோ, போடாதே என்றோ சொல்லவில்லை. அவள் முடிவு அவளிடமே இருந்தது.

வியாழக்கிழமை காலை, எடிட்டருக்கு அனுப்ப வேண்டிய ஒலிக்கோப்புகளுக்குப் பெயர் போட உட்கார்ந்தாள். சண்டை சண்டையாக இருக்கட்டும், வேலை வேலைதான். ஏழாம் நாள் கோப்பு ஒன்று வழக்கத்தைவிடக் கால் மணி நேரம் நீளமாக இருந்தது. ஹெட்போனை மாட்டினாள்.

டீ நேரம். மடிப்பக்காவின் காலர் மைக் அணைக்கப்படாமல் ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது. துவைத்த விரிப்புகளை மடிக்கும் மேஜையில் வேலை பார்ப்பவள், அந்தப் பெண்களின் சங்கத் தலைவி, அதனால் மடிப்பக்கா. இடைவேளையில் மைக்கை அணைப்பது ஒலிப்பதிவுக்காரருக்குப் பாலபாடம். அன்று காதுவை விளக்கைத் தூக்கச் சொல்லி மாடிக்கு அனுப்பியிருந்தார்கள். மறந்துவிட்டாள்.

காதுக்குள் டம்ளர் சத்தம். பிறகு ஒரு குரல்: “அந்த மைக் பொண்ணு காலையில ஆறு மணிக்கு வந்தது. இன்னும் ஒரு வாய் சாப்பிடலடி.”

“நம்ம சூப்பர்வைசரே தேவலாம் போல.”

“நாமளாவது இந்தக் கால் மணி நேர டீயைச் சண்டை போட்டு வாங்கினோம். இதுங்களுக்கு யாரு இருக்கா?”

“கேமராக்காரர் கையைப் பாத்தியா? தோல் வழண்டு கிடக்கு. நம்ம கையைப் படம் பிடிக்க வந்தாங்களே, அவங்க கையை யாரு பிடிப்பா?”

கெக்கெக்கே என்று சிரிப்பு. அதை மீறி மடிப்பக்காவின் குரல்: “சிரிச்சது போதும். அந்தப் புள்ளைக்கு ரெண்டு பிஸ்கட் எடுத்துட்டுப் போங்கடி.”

காது ஹெட்போனைக் கழற்றிவிட்டாள். அந்த பிஸ்கட்டை அவள் தின்றிருக்கிறாள். பிரியத்தில் கொடுக்கிறார்கள் என்று நினைத்துத் தின்றாள். பரிதாபப்பட்டுக் கொடுத்திருக்கிறார்கள்! யாருக்காகத் தன் வாயை மூடிக்கொண்டு நின்றாளோ, அவர்களே அவளுக்காக வயிறெரிந்திருக்கிறார்கள்.

இதை டைரக்டர் கேட்டே ஆக வேண்டும். ஆனால் தெரியாமல் பதிந்த பேச்சு. பேசியவர்களைக் கேட்காமல் போட்டுக்காட்ட அவளுக்கு என்ன உரிமை? மதியம் இரண்டு மணிக்கு ஷிப்ட் முடியும் நேரம் பார்த்து லாண்டரி வாசலில் போய் நின்றாள். மடிப்பக்கா வெளியே வந்ததும் ஓரமாகக் கூட்டிப்போய்க் குட்டை உடைத்தாள்.

“அக்கா, தப்பு பண்ணிட்டேன். டீ நேரத்துல மைக்கை நிறுத்தாம விட்டுட்டேன். நீங்க எங்களைப் பத்திப் பேசினது பதிவாயிடுச்சு. அழிக்கச் சொன்னா இப்பவே அழிச்சிடறேன். டைரக்டருக்குப் போட்டுக்காட்டச் சொன்னா போட்டுக்காட்டறேன்.”

மடிப்பக்கா முதலில் வாயில் கை வைத்தாள். “ஐயோ, சூப்பர்வைசர் மூக்கைப் பத்தி ஏதாவது பேசினோமா?”

“அது வேற நாள்க்கா. அன்னிக்கு அணைச்சிட்டேன்.”

“பொழச்சோம். ஆமா, அந்தம்மாவுக்கு இதை எதுக்குக் காட்டணும்?”

காது படிவத்தை நீட்டி, நடந்ததைச் சொன்னாள். மடிப்பக்காவின் முகத்திலிருந்த சிரிப்பு அணைந்துபோயிற்று.

“எங்க பேரைச் சொல்லியா உன்னைப் பொய்க் கையெழுத்துப் போடச் சொன்னாங்க?”

“நீங்க பாவம்னு சொன்னாங்க.”

“நாங்க பாவமா? நட, போகலாம்.”

வேலையுடுப்பைக்கூட மாற்றாமல் கிளம்பிவிட்டாள்.

டயர் கடைக்கு மேலேதான் எடிட்டிங் அறை. டைரக்டரும் கேமராமேனும் இருந்தார்கள். மடிப்பக்காவைக் கண்டதும் டைரக்டர் எழுந்தார். காதுவைக் கண்டதும் முகம் கறுத்தது.

“என் முதுகுக்குப் பின்னால போய் இவங்களைக் கூட்டிட்டு வந்தியா?”

“முதுகுப் பக்கம் யாருமில்லீங்க, நேர் எதிர்லதான் நிக்கிறோம்,” என்றாள் மடிப்பக்கா. “பேச்சுவார்த்தைன்னா எல்லாரும் உக்காந்து பேசணும். ஒருத்தர் நாற்காலியில, ஒருத்தர் கால் கடுக்க நின்னுக்கிட்டுன்னா அது பேச்சுவார்த்தை இல்ல, விசாரணை.” அறையில் இரண்டே நாற்காலிகள். மடிப்பக்கா தரையில் சம்மணம் போட்டாள். வேறு வழியில்லாமல் டைரக்டரும் தரைக்கு இறங்கினார்.

காது அந்தக் கால் மணி நேரத்தைப் போட்டுக்காட்டினாள். ‘சூப்பர்வைசரே தேவலாம்’ வந்தபோது டைரக்டரின் முகத்தில் ஈயாடவில்லை.

“நானும்தான் சாப்பிடல,” என்றார் அது முடிந்ததும். “உங்க எல்லாரையும்விட நான்தான் அதிக நேரம் உழைச்சேன்.”

“எங்க சூப்பர்வைசரும் இதையேதான் சொல்லுவார். படம் உங்களோடதும்மா. நீங்க எத்தனை மணி நேரம் வேணா பட்டினி கிடங்க. இவங்க அதுக்கா வந்தாங்க?”

“சரி, நான் பண்ணினது தப்பாவே இருக்கட்டும். இப்ப இந்தக் காகிதம் போகலைன்னா படம் போகாது. உங்களுக்காகத்தானே—”

“எங்களுக்காகன்னா எங்களை ஒரு வார்த்தை கேட்டிருக்கணும்.” மடிப்பக்கா குரலை உயர்த்தவே இல்லை. “படம் வெளிய வந்ததும் எங்க முதலாளி சும்மா இருப்பாரா? குறை கண்டுபிடிக்க ஆள் வைப்பாரு. இந்தப் பொய்யை ஒருத்தன் மோந்து பிடிச்சான்னு வைங்க, ‘இதுங்க சொல்ற ஊசிக் கதையும் இப்படித்தான்’னு ஒரே போடாப் போட்டுடுவான். ஊசி ஏறின எங்க கையெல்லாம் அப்புறம் பொய்க் கை ஆயிடும்.”

அது டைரக்டருக்குத் தோன்றியிருக்கவே இல்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

அதுவரை சுவரோடு சுவராக இருந்த கேமராமேன் தொண்டையைச் செருமினார். “நான் அதைப் படிக்கவே இல்ல. அக்கா நீட்டினாங்க, போட்டேன்.” காதுவிடமிருந்து படிவத்தை வாங்கி, தன் கையெழுத்தின்மேல் குறுக்காக ஒரு கோடு இழுத்தார். சட்டைக் கை மேலேறியதில் புது ரோஜா நிறத்தில் வடு தெரிந்தது. டைரக்டர் அதைப் பார்த்தார். முதல் தடவையாகப் பார்ப்பவர் போலப் பார்த்தார்.

“அன்னிக்கு நான் உங்களை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருக்கணும்,” என்றார்.

“ஆமா,” என்றார் கேமராமேன். பரவாயில்லை என்று சொல்லவில்லை. அதுவே காதுவுக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

அதற்குப் பிறகு வேலை மளமளவென்று நடந்தது. உறுதிமொழியைப் புதிதாக எழுதினார்கள். டைரக்டர் சொல்லச் சொல்லக் காது தட்டினாள். நடுநடுவே நிறுத்தி, “பன்னெண்டு இல்லக்கா, பதினாலு மணி நேரம்,” என்று திருத்தினாள். பதினொரு நாளில் ஒன்பது நாள் அளவுக்கு மீறி வேலை வாங்கப்பட்டது. சாப்பாட்டு நேரம் இல்லை. ஒருவருக்குக் கையில் காயம், காப்பீடு இல்லை. மீதியிருக்கும் இரண்டு நாள் படப்பிடிப்பு இன்ன நேரத்துக்குத் தொடங்கி இன்ன நேரத்துக்கு முடியும், சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம், காப்பீடு எடுத்த பிறகே கேமராவைத் தொடுவோம். மூவரும் கையெழுத்துப் போட்டார்கள்.

“நான் சாட்சி,” என்று மடிப்பக்காவும் கேட்டு வாங்கிப் போட்டாள்.

அனுப்பும் பொத்தானை அழுத்துவதற்கு முன் டைரக்டர் அதை இன்னொரு தடவை முழுக்கப் படித்தார். “காரும் போச்சு, படமும் போகப்போகுது,” என்றார். ஆனால் அழுத்திவிட்டார்.

பதில் வர ஒரு வாரமாயிற்று. அன்றைக்கு மடிப்பக்காவின் வீட்டில் படப்பிடிப்பு; சாப்பாட்டு நேரம். சின்னக் கூடத்தில் தட்டும் கையுமாக எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். டைரக்டருக்கு உட்கார்ந்து சாப்பிடுவது இன்னும் சரியாகப் பழகவில்லை, அடிக்கடி எழுந்து ஜன்னல் வெளிச்சத்தைப் பார்த்துவிட்டு வந்தார். ஆனால் யாரையும் எழுப்பவில்லை. போன் மின்னியது. வாசித்தார்.

“எடுத்துக்கிட்டாங்க,” என்றார். குரலில் சந்தோஷம் பாதிதான் இருந்தது. “ஆனா தொடக்க நாள் சாயங்காலக் காட்சி நமக்கு இல்ல. அதை வேற படத்துக்குக் குடுத்துட்டாங்க. நமக்கு மறுநாள், சின்ன அரங்கு, மூணு மணி. படம் முடிஞ்சதும் அந்தக் கடுதாசியைப் பத்தி நாம மூணு பேரும் மேடையில பேசணுமாம்.”

“நானுமா?” என்றார் கேமராமேன், கையில் எடுத்த கவளத்தோடு.

“நீங்க கையைக் காட்டினாப் போதும்ணா,” என்றாள் காது.

மடிப்பக்காவுக்கு வேறு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. “மூணு மணின்னா சொன்னீங்க? எங்களுக்கு ரெண்டு மணிக்கு ஷிப்ட் முடியுதே! சாயங்காலம்னா வீட்டு வேலைய விட்டுட்டு எங்கள்ல யாரு வந்திருப்பா? அங்க எத்தனை சீட்டு?”

“நூத்தி இருபது.”

“நாங்க அறுபத்தி நாலு பேர். மீதியில ஆஸ்பத்திரி ஆபீசருங்களை வந்து உக்காரச் சொல்லுங்க.” மடிப்பக்கா விரலை நக்கிக்கொண்டாள். “அவங்களை ஒண்ணாச் சேர்த்து உக்கார வைக்காதீங்க. எங்க ரெண்டு பேருக்கு நடுவுல ஒருத்தரா உக்கார வைங்க.”

டைரக்டருக்குச் சிரிப்பு வந்து புரையேறியது. காது தண்ணீரை நகர்த்திவைத்தாள்.