குரல் கிளிகளிடம் போன வீடு

ரயில் நிலையத்தில் அறிவிப்பு வாசிக்கும் பெண்ணின் குரலை, அவள் வீட்டில் வளரும் சாம்பல் கிளிகளில் ஒன்று ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் எடுத்துக்கொண்டது. பல் துலக்கிவிட்டு வந்தவள், தண்ணீர் மோட்டாரை நிறுத்தச் சொல்லலாம் என்று வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது. "மோட்டாரை ஆஃப் பண்ணுங்க, டேங்க் வழியுது" என்று பால்கனிக் கம்பியில் உட்கார்ந்திருந்த கிளி அவளுடைய குரலில், அவளுடைய எரிச்சலோடு சொன்னது. கணவன் எழுந்து போய் மோட்டாரை நிறுத்தினான். சொன்னது யார் என்று சாப்பிட உட்கார்ந்தபோதுதான் அவனுக்குத் தெரிந்தது.

கிளிகளை வீட்டுக்குக் கொண்டுவந்தவன் அவன்தான். லிஃப்ட் மெக்கானிக். பாதியில் நின்றுபோன லிஃப்ட்டின் கதவை நெம்பித் திறந்து உள்ளே தவிப்பவர்களை வெளியே எடுப்பது அவன் பிழைப்பு. அப்படி ஒரு பழைய அடுக்குமாடிக் கட்டடத்துக்குப் போனபோது, கப்பலில் சமையல்காரராக இருந்து ஓய்வுபெற்றவர் ஒருவர் வெளிநாட்டில் இருக்கும் மகளிடம் போக மூட்டை கட்டிக்கொண்டிருந்தார். ஒரு பெரிய கூண்டில் நான்கு ஆப்பிரிக்கச் சாம்பல் கிளிகள், சாம்பல் சட்டைக்குச் சிவப்பு வால் தைத்தாற்போல, அவனைத் தலை சாய்த்துப் பார்த்தன. "தம்பி, இதுங்களை நீங்க வச்சுக்குங்க. நல்ல புள்ளைங்க. கொஞ்சம் பேசுவாங்க, அவ்ளோதான்" என்றார் கப்பல்காரர். கூண்டுக்குள் யார் மாட்டிக்கொண்டிருந்தாலும் விட்டுவிட்டு வர அவனால் முடியாது. அன்று மாலையே கிளிகள் வந்துவிட்டன. எதைச் சொன்னாலும் தலையாட்டுவதற்குக் குமாஸ்தா என்று பெயர் வைத்தார்கள். நடையில் மிதப்பு காட்டியதற்குச் சீமாட்டி. டிவி ரிமோட்டின் பட்டன்களை ஒன்றுவிடாமல் தின்று, குடும்பத்தை ஒரே சேனல் பார்க்க வைத்ததற்குக் கொறிப்பான். நான்காவது வாயே திறக்காததால் ஊமையன். இறகிலிருந்து உதிர்ந்த வெள்ளைத் தூள் அலமாரி, தலையணை, டீ என்று எல்லாவற்றின் மேலும் மெல்லியதாகப் படிந்தது. சோபாவின் ஒரு கை சீக்கிரமே காணாமல் போனது. இதெல்லாம் போகப்போகப் பழகிவிட்டது.

அந்த வீட்டில் பழகாமல் கிடந்தது வேறொன்று. மெக்கானிக்கின் அக்கா, கணவனைப் பிரிந்த பிறகு, தம்பியோடுதான் இருந்தாள். டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டச் சொல்லித்தருபவள். தொண்டை நாலு தெருவுக்குக் கேட்கும். தம்பி மனைவி வந்த புதிதில் இருவரும் ஒட்டி உறவாடியவர்கள்தான். தம்பி மனைவிக்கும் கார் ஓட்டக் கற்றுத் தருகிறேன் என்று அவளை ஒருநாள் கூட்டிக்கொண்டு போனதில் வந்தது வினை. பின் சீட்டில் வேறு மாணவர்கள் உட்கார்ந்திருக்க, வண்டி மூன்றாவது தடவையாகக் குலுங்கி நின்றபோது, "உன் கையில ஸ்டியரிங்கைக் குடுத்ததே தப்பு" என்று அக்கா வாயை விட்டுவிட்டாள். அறிவிப்பாளர் நடு ரோட்டில் கதவைத் திறந்து இறங்கி, வீடுவரை நடந்தே வந்தாள். அதிலிருந்து வருஷக்கணக்கில் இருவருக்கும் பேச்சு கிடையாது. "உங்க அக்காகிட்ட சொல்லுங்க, பாத்ரூம் பல்பு போயிடுச்சு." "உன் பொண்டாட்டிகிட்ட சொல்லுடா, எனக்கும் கண் இருக்குன்னு." நடுவில் உட்கார்ந்து இரண்டு பக்கமும் திரும்பித் திரும்பி மெக்கானிக்குக் கழுத்து வலி நிரந்தரமாகிவிட்டது.

அறிவிப்பாளரின் குரலை எடுத்துச் சீமாட்டி தொடங்கி வைத்ததை மற்றவையும் பிடித்துக்கொண்டன. ஊமையன் குக்கரின் விசிலை எடுத்துக்கொண்டது. அதன்பின் குக்கர் என்ன கொதித்தாலும் சத்தம் போடவில்லை, புதிதாக வாங்கியதும் அப்படியே. அக்காவின் குரல் குமாஸ்தாவிடம் போனது. கொறிப்பான் மெக்கானிக்கின் குரலை எடுத்துக்கொண்டது எப்போது என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. அந்த வீட்டில் அவன் சொந்தமாக எதுவும் பேசிப் பல காலமாகியிருந்ததால் வித்தியாசம் தெரியவில்லை. தொண்டை டாக்டர் மூவர் வாயிலும் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "தொண்டை நல்லா இருக்கு. குரல்தான் வெளியூர் போயிருக்கு" என்றார். கிளி பக்கத்தில் இருந்தால் கஷ்டமில்லை. ஆள் வாயைத் திறந்தால் கிளி பேசிவிடும், சொல் பிசகாமல். கிளி இல்லாவிட்டால் சைகைதான். எனவே ஆளுக்கொரு கிளியோடு வேலைக்குப் போனார்கள். ஸ்டேஷன் மாஸ்டர் விதிமுறைகளைப் புரட்டிப் பார்த்து, நாய்க்குத் தடை இருக்கிறது, கிளிக்கு இல்லை என்று முடிவு செய்தார். பயணிகள் கவனித்ததெல்லாம், அறிவிப்புகளுக்கு நடுவில் யாரோ பிஸ்கட் கொறிக்கும் சத்தம் மட்டும்தான்.

இப்படியே காலம் ஓடியிருக்கும். ஆனால் குமாஸ்தாவும் சீமாட்டியும் ஒன்றை ஒன்று விரும்பிவிட்டன. ஒரே கம்பியில் ஒட்டி உட்கார்ந்து, ஒன்றின் கழுத்தை மற்றது கோதிவிட்டது. காலையில் அக்கா ஒரு பக்கமும் அறிவிப்பாளர் ஒரு பக்கமும் தூக்கிக்கொண்டு கிளம்பினால், சாயங்காலத்துக்குள் இரண்டும் நெஞ்சு இறகைப் பிடுங்கிப் போட்டு, உரித்த கோழி போல வந்து நின்றன. பறவை டாக்டர், "பிரிச்சீங்கன்னா பிழைக்காது" என்று கையை விரித்துவிட்டார். அதனால் முகம் பார்க்காத இரண்டு பெண்களும் நாள் முழுக்க ஒரே இடத்தில் இருக்க வேண்டியதாயிற்று. காலையில் டிரைவிங் ஸ்கூல் காரின் பின் சீட்டில் கிளிகளுக்குப் பக்கத்தில் அறிவிப்பாளர் ஜன்னலைப் பார்த்தபடி வருவாள். மதியத்துக்குமேல் ரயில் நிலையத்தின் கண்ணாடி அறையில், ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு, அக்கா சுவரைப் பார்த்தபடி இருப்பாள். பேச்சு மட்டும் இல்லை. ஆனாலும் காது இருக்கிறதே. கிளட்ச்சை எப்படி விட வேண்டும், வளைவில் எந்தக் கண்ணாடியைப் பார்க்க வேண்டும் என்பதெல்லாம் பின் சீட்டுவரை கேட்டது. ரயில் தாமதம் என்றால் அதற்கும் அறிவிப்பாளரைத்தான் ஜனங்கள் வந்து திட்டுகிறார்கள் என்பதை அக்கா பார்த்தாள். ஒருமுறை கண்ணாடியைத் தட்டிக் கத்திய ஒருவரை அவள் எழுந்து நின்று முறைத்த முறைப்பில், அவர் பிளாட்பாரம் மாறிப் போய்விட்டார்.

மழை விட்ட ஒரு பிற்பகலில், கண்ணாடி அறையின் ஜன்னலைத் துடைக்க வந்த ஊழியர் அதைத் தாழிட மறந்தார். இரண்டு கிளிகளும் வெளியே பறந்து, நிலையக் கூரையின் இரும்புச் சட்டத்தில் போய் உட்கார்ந்தன. பெண்கள் இருவரும் பிளாட்பாரத்தில் நின்று கையை ஆட்டினார்கள்; கூப்பிட வாயில் குரலில்லை. கிளிகள் தம் பாட்டுக்குப் பேச ஆரம்பித்தன. கதவைச் சாத்திக்கொண்டு அவர்கள் தனியே புலம்பியதையெல்லாம் கேட்டுவைத்திருந்தன போலும். முதலில் குமாஸ்தா, அக்காவின் குரலில், அந்தக் கூரை முழுக்க எதிரொலிக்கும்படி: "அவ ஒண்ணும் மோசமா ஓட்டல. அன்னைக்கு எனக்குத்தான் மனசு சரியில்ல. பசங்க முன்னாடி அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. இப்பப் போய் எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுச் சொல்றது?" சீமாட்டி கொஞ்ச நேரம் காலைச் சொறிந்துவிட்டு, அறிவிப்பாளரின் குரலில் ஆரம்பித்தது: "எறங்கித் திரும்பித் திரும்பிப் பாத்துக்கிட்டேதான் நடந்தேன். ஒரு தடவை கூப்பிட்டிருந்தா போதும், வந்து ஏறியிருப்பேன். அண்ணிதானே, வேற யாரு?"

டிக்கெட் பரிசோதகர் தொப்பியைக் கழற்றிக்கொண்டார். பெட்டி தூக்குபவர்கள் பெட்டியை இறக்கி வைத்தார்கள். இல்லை என்று மறுக்கவும் ஆமாம் என்று சொல்லவும் இரண்டு பெண்களுக்கும் வழியில்லை. அக்கா தன் செருப்பைப் பார்த்தாள். அறிவிப்பாளர் கடிகாரத்தைப் பார்த்தாள். அந்த நேரம் பார்த்து எஞ்சின் ஒன்று ஊதியது. கிளிகள் மிரண்டு, கூரையைத் தாண்டி ஊருக்குள் பறந்தன.

இருவரும் வெளியே நிறுத்தியிருந்த டிரைவிங் ஸ்கூல் காருக்கு ஓடினார்கள். எத்தனையோ வருஷமாகச் சொல்லித்தருபவரின் சீட்டிலேயே உட்கார்ந்து பழகியதால், அக்காவின் கால்கள் அவளை அந்தப் பக்கத்துக் கதவுக்கே கொண்டுபோயின. மிச்சமிருந்தது டிரைவர் சீட். அறிவிப்பாளர் ஒரு கணம் நின்றாள். அக்கா சாவியை நீட்டினாள். வண்டி குலுங்கிற்று, ஆனால் நிற்கவில்லை. தலைக்குமேல் சாம்பல் நிறத்தில் இரண்டு புள்ளிகள் போக, கீழே வண்டி போயிற்று. அக்கா ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, இடமா வலமா என்று கையால் காட்டினாள். அவள் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு, மாணவர்கள் தடுமாறினால் மிதிப்பதற்கு. முதல் திருப்பத்தில் கால் தானாக அதன் மேல் போனது. லாரி ஒன்று குறுக்கே வந்தபோது பாதி அழுத்தியும்விட்டாள். அறிவிப்பாளர் லாரியைச் சுற்றி வெட்டி எடுத்துக்கொண்டு போன பிறகு, அக்கா அந்தக் காலை மடக்கிச் சீட்டின்மேல் வைத்துக்கொண்டாள். அப்புறம் கீழே இறக்கவில்லை.

கிளிகள் கடைவீதி நாற்சந்தியில், சிக்னல் கம்பத்தின் உச்சியில் இறங்கின. எல்லா வண்டியும் கிளம்பும் நேரத்தில் குமாஸ்தா தொண்டை கிழியக் கத்தியது: "பிரேக்! பிரேக்கை மிதி! கண்ணை எங்க வச்சிருக்கே?" அந்த ஊரில் கார் ஓட்டுபவர்களில் பாதிப் பேர் அக்காவிடம் கற்றவர்கள். குரல் கேட்டதும் கால்கள் யாரையும் கேட்காமல் பிரேக்கில் போய் நின்றன. நாலு பக்கமும் வண்டிகள் உறைந்தன. யாராவது ஹாரன் அடிப்பதற்குள் சீமாட்டி, "தாமதத்திற்கு வருந்துகிறோம்" என்று மிகுந்த மரியாதையோடு அறிவித்ததால், ஒருவரும் அடிக்கவில்லை. போக்குவரத்துப் போலீஸ்காரர் கை கொடுத்து இரண்டு பெண்களையும் கார் பானெட்டின்மேல் ஏற்றிவிட்டார். அவர்கள் கையை நீட்டினார்கள். கிளிகள் மேலிருந்து இருவரையும் மாறி மாறிப் பார்த்து, யோசித்து, இறங்கி வந்தன. சீமாட்டி அக்காவின் தோளில் உட்கார்ந்தது. குமாஸ்தா அறிவிப்பாளரின் தோளில் உட்கார்ந்தது.

அக்கா வாயைத் திறந்தாள். "ஊரையே செகண்ட் கியர்லயே சுத்திட்டியே, என் வண்டி என்னத்துக்கு ஆகும்?" என்று அறிவிப்பாளரின் கனிவான குரல் வந்தது.

"மாத்துன்னு நீங்க சொல்லவே இல்லையே அண்ணி!" என்று அறிவிப்பாளர் கேட்டது அக்காவின் வெண்கலத் தொண்டையில் நாற்சந்திக்கே கேட்டது.

"எதை வச்சுச் சொல்றது? என் தொண்டை அங்க மேல உக்காந்துக்கிட்டு ஊரைத் திட்டிட்டிருந்துச்சு."

"சரி, இறங்குங்க. பாவம், போலீஸ்காரர் ரொம்ப நேரமா கையை நீட்டிக்கிட்டு நிக்கிறார்."

குரல்கள் அதன்பின் பழைய இடத்துக்குத் திரும்பவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. டிரைவிங் ஸ்கூலில், "தயவுசெய்து இடது பக்கம் திரும்பவும்" என்று கேட்டுப் பழகிய மாணவர்கள் பயமில்லாமல் ஓட்டினார்கள். ரயில் நிலையத்தில், "ரெண்டாவது பிளாட்பாரம்! ஓரமா நில்லு! ஏறுறவன் ஏறு!" என்ற அதட்டல் வந்தது. பயணிகள் வரிசையில் நிற்கக் கற்றுக்கொண்டதோடு, ரயில்களும் நேரத்துக்கு வர ஆரம்பித்தன என்று ஸ்டேஷன் மாஸ்டர் மேலிடத்துக்குத் தெரிவித்தார். அறிவிப்பாளர் லைசென்ஸ் எடுத்துவிட்டாள். மெக்கானிக்கின் கழுத்து வலி மருந்தில்லாமல் போயிற்று.

ஒரு விஷயம் மட்டும் உண்டு. இருட்டத் தொடங்கியதும் கிளிகள் தூங்கிவிடும்; கூண்டின்மேல் பழைய புடவையைப் போர்த்திவிட்டால் வீட்டில் அதன்பின் யாருக்கும் குரல் கிடையாது. மூவரும் சாப்பிட உட்கார்ந்து கையாலும் புருவத்தாலும் அன்றைய கதையைச் சொல்லிக்கொள்வார்கள். கீழ்வீட்டில் புதிதாகக் குடிவந்த தையற்காரி, ராத்திரியானால் மேலே இவ்வளவு அமைதியாக இருக்கிறதே, என்ன சண்டையோ என்று ஒருநாள் மனசு கேட்காமல் ஏறி வந்து, திறந்திருந்த கதவு வழியாக எட்டிப் பார்த்தாள். மேசையைச் சுற்றி மூன்று பேரும் சத்தமே இல்லாமல், கண்ணில் நீர் வர, தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அக்கா அவளைப் பார்த்துவிட்டு, உள்ளே வா என்று கையைக் காட்டி, ஒரு தட்டை எடுத்து வைத்தாள். எதற்குச் சிரிக்கிறார்கள் என்று தையற்காரிக்குத் தெரியவில்லை. உட்கார்ந்து அவளும் சிரித்தாள்.