ரெண்டு மெட்டுக்கு ஒரு பெஞ்சு

"முப்பது வருஷமா நாங்க பாடுற மெட்டு அது. நேத்து வந்தவங்களுக்காக..."

"நாங்களாவா வந்தோம்? நீங்கதானே வாங்க வாங்கன்னு..."

"வாங்கன்னுதான் சொன்னோம். வந்து எங்க பாட்டை மாத்துங்கன்னா..."

"உங்க பாட்டா? வார்த்தை ரெண்டு சபைக்கும் ஒண்ணுதானேக்கா! மெட்டுதான் வேற. அதுவும் உங்க மெட்டு, தூங்குற பிள்ளை முழிச்சிக்காம கதவைச் சாத்துற மாதிரி!"

"உங்க மெட்டு அதே கதவை உடைக்கிற மாதிரி!"

தையல் மிஷின் நின்றது. ஊசிக்கு அடியில் வெள்ளைத் துணி. ஞாயிற்றுக்கிழமை திருவிருந்து மேசையில் விரிக்க வேண்டியது. மிஷின் முன்னால் இருந்த அக்கா, பெரிய சபையின் பாடல் குழுவை நடத்துகிறவள். எதிரே நர்ஸ் உடையோடு நின்ற தங்கை, சின்ன சபையின் பாடல் குழுவை நடத்துகிறவள். போன மாதப் புயலில் சின்ன சபையின் கூரை போய்விட்டது. "எங்க கூரை இருக்கும்போது நீங்க ஏன் நனையணும்?" என்று பெரிய சபை அழைத்தது. வருகிற ஞாயிறு முதல் இரண்டும் ஒன்று. எல்லாம் பேசி முடித்தாயிற்று; முதல் பாட்டு எந்த மெட்டில் என்ற இடத்தில்தான் வண்டி நின்றுவிட்டது.

"எங்க ஆளுங்க சொல்லிட்டாங்கக்கா. முதல் நாளே நம்ம மெட்டுக்கு இடம் இல்லைன்னா, பள்ளிக்கூட ஹால்ல ஆராதனை வச்சுக்கலாம்னு. பிளம்பர் அண்ணன் ஹால் சாவியே வாங்கி வச்சிருக்கார்."

"போயிடுவீங்களா?"

"எனக்கு மட்டும் போகணும்னு ஆசையா? ஞாயித்துக்கிழமை வர்றோம். பாட்டைக் கேட்டுட்டு முடிவு."

அவள் போய்விட்டாள். அக்காவுக்குத் தையல் ஓடவில்லை. சின்ன வயதில் ஒரே பாட்டுப் புத்தகத்தை ஆளுக்கொரு ஓரம் பிடித்து, ஒரே பெஞ்சில் நின்று பாடியவர்கள். தங்கை கல்யாணமாகிப் புருஷன் வீட்டுச் சபைக்குப் போய்ப் பதினெட்டு வருஷம். அன்றிலிருந்து அக்காவின் இடது பக்கம் யார் உட்கார்ந்தாலும் அவளுக்கு அது காலிதான்.

"ஊரே அழுதப்போ, கூரை விழுந்ததுக்கு உள்ளுக்குள்ள ஸ்தோத்திரம் சொன்ன பாவி நான் ஒருத்திதான்," என்று புருஷனிடம் சொன்னாள். "இப்போ ஒரு மெட்டுக்காக அவளைத் திரும்பவும் அனுப்பணுமா?"

"அப்போ விட்டுக் குடு."

"குடுத்தா முழுசாக் குடுக்கணும். அரைகுறையாத் தைக்கிற பழக்கம் எனக்கு இல்லை."

உடனே 'பிரேக்'குக்குப் போன் போட்டாள். அவர் பஸ் டிரைவர். இரண்டு சபைகளுக்கும் கீபோர்டு வாசிப்பவர். ஒவ்வொரு வரி முடிவிலும் வேகம் குறைத்து நிறுத்துவதால் அந்தப் பெயர்.

"அண்ணே, தங்கச்சி சபை மெட்டை எங்க குழுவுக்குச் சொல்லித் தரணும். யாருகிட்டயும் மூச்சு விடக் கூடாது."

"யாருகிட்டயும்னா... உன் தங்கச்சிகிட்டயுமா?"

"அவகிட்டதான் முக்கியமா!"

"இல்லம்மா, அதுல ஒரு விஷயம்..."

"வாக்குக் குடுங்கண்ணே."

அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு. "குடுத்துட்டேன் போ. இந்த வாரம் எனக்கு இதே வேலையாப் போச்சு."

குழுவில் முணுமுணுப்பு எழத்தான் செய்தது. "இந்த வயசுல நாக்கு வளைய மாட்டேங்குதே!" என்றார் அடிக்குரல்காரர்.

"ஊரு வம்புக்கு மட்டும் நல்லா வளையுதே? பாடுங்க!" என்றாள் அக்கா.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. விருந்தாளிகளுக்கு முன்வரிசை இருக்கட்டும் என்று பெரிய சபைக்காரர்கள் சீக்கிரமே வந்து பின்பெஞ்சுகளில் நெருக்கி அமர்ந்தார்கள். அடுத்தவர் வீட்டில் முன்னால் போய் உட்காருவது மரியாதையில்லை என்று சின்ன சபைக்காரர்கள் அவர்களுக்கும் பின்னால் சுவரோரம் நின்றுகொண்டார்கள். முன்னால் பத்து பெஞ்சு காலி.

"நான் என்ன காலி பெஞ்சுக்கா பிரசங்கம் பண்றது? முன்னாடி வாங்கப்பா!" என்றார் போதகர். ஒருவரும் அசையவில்லை. பாடல் குழுக்கள் மட்டும் முன்னால் வந்து, நடைபாதைக்கு இந்தப் பக்கம் ஒன்றும் அந்தப் பக்கம் ஒன்றுமாக நின்றன. பிளம்பரின் கை சட்டைப் பையில் சாவியைத் தடவிக்கொண்டிருந்தது.

"நன்றிப் பாட்டு. யார் ஆரம்பிக்கிறீங்க?"

தங்கை வாயைத் திறப்பதற்குள் விட்டுக்கொடுத்துவிட வேண்டும் என்ற அவசரத்தில் அக்கா பாட்டை எடுத்தாள். அதே அவசரத்தில் தங்கையும் எடுத்தாள். இங்கே கதவு உடைந்தது. அங்கே கதவு மெல்லச் சாத்தப்பட்டது. ஒரு வரிகூட முழுதாகப் போகவில்லை, பாட்டு சுக்குநூறு. பிரேக் கீபோர்டின் மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டார்.

"அக்கா, அது எங்க மெட்டு!"

"நீ பாடினது எங்களோடதுடி!" அக்கா திரும்பினாள். "அண்ணே! அவளுக்கும் நீங்கதானா?"

"உனக்கு ஒரு மணி நேரம் முந்தியே கேட்டுட்டாம்மா."

"ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"ரெண்டு பேரும்தான் சொல்லாதேன்னு வாக்கு வாங்கினீங்க! ஒரு வாரமா எனக்குச் சோறு இறங்கலை!"

முதலில் சிரித்தது அடிக்குரல்காரர். பிறகு கூரைக்கே ஆபத்து வரும் போலிருந்தது. கண்ணைத் துடைத்தபடி போதகர் கையை உயர்த்தினார். "இன்னைக்கு நான் பிரசங்கம் பண்ண என்ன மிச்சம் வச்சிருக்கீங்க? ஒரு சரணம் அந்த மெட்டு, ஒரு சரணம் இந்த மெட்டு. எல்லாரும் பாடுங்க!"

ஜனம் பின்னாலிருந்து அலை மாதிரி முன்னால் வந்தது. யார் எந்தச் சபை என்று பார்க்க நேரமில்லை. இடம் கண்ட பெஞ்சில் புகுந்தார்கள். போகிற போக்கில் பிளம்பர் போதகரின் கையில் ஹால் சாவியைத் திணித்தார்: "பள்ளிக்கூடத்துல குடுத்துடுங்க." பாட்டு எழும்பியது. தெரிந்தவர்கள் பாட, தெரியாதவர்கள் பக்கத்து வாயைப் பார்த்துப் பாட, அன்று பிரேக் ஒரு வரியிலும் பிரேக் போடவில்லை.

முதல் சரணம் முடிவதற்குள் அக்கா நடைபாதையைத் தாண்டிவிட்டாள். தங்கையின் பாட்டுப் புத்தகத்தில் ஒரு ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"கொஞ்சம் தள்ளி நில்லுடி. அடுத்தது உன் மெட்டா, என் மெட்டா?"