பத்து நாள் மாத்திரை

நகரத்துத் துறையிலிருந்து ஆற்றின் மேல்பக்கக் குடியிருப்புகளுக்கு இன்ஜின் படகு ஓட்டுகிறவள் அவள். எல்லோருக்கும் படகுக்காரி. எதிர்நீரில் போக ஐந்து மணி நேரம், திரும்பி வர நாலு. அவளுக்கும் ரத்தக்கொதிப்பு உண்டு. ஆனால் நகரத்தில் அடிக்கடி கால் வைக்கிறவள் என்பதால், பத்து நாளுக்கொரு முறை அரசு மருத்துவமனைக் கவுன்டரில் நின்று மாத்திரை வாங்கிவிடுவாள்.

மேல்பக்கத்து ஆட்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. பத்து நாள் மாத்திரைக்காக இரண்டு நாள் வேலை கெடும். முதல் தவணையை விழுங்கிவிட்டு, 'உடம்புக்கு என்ன, நல்லாத்தானே இருக்கு' என்று விட்டுவிடுவார்கள். அவளுடைய நாத்தனாரும் அப்படித்தான் விட்டாள். ஒரு காலை வலை பின்னிக்கொண்டிருந்தவள், கையிலிருந்த ஊசி நழுவியதுகூடத் தெரியாமல் பேசிக்கொண்டே இருந்தாள். பேச்சு குழறிய பிறகுதான் பக்கத்திலிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். இப்போது வலது கை தொங்குகிறது. வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது.

அதைப் பார்த்துவிட்டு வந்த வாரமே படகுக்காரி இருபத்தெட்டு நோயாளிச் சீட்டுகளைத் திரட்டிக்கொண்டு கவுன்டருக்குப் போனாள்.

"எல்லாருக்கும் ரெண்டு மாசத்துக்குக் கொடுங்க சார்."

"ஆளு நேர்ல வரணும். அதுவும் பத்து நாளைக்குத்தான். ரூல்," என்றார் கவுன்டர்காரர், நிமிர்ந்துகூடப் பார்க்காமல்.

"அஞ்சு மணி நேரத் தூரம் சார்."

"அதுக்கு நான் என்னம்மா பண்ண? ஆத்தைச் சுருட்டி வைக்கவா?"

வரிசை சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. சீட்டுகளைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டாள்.

"ஆளுதானே வேணும்? கொண்டாறேன்."

திங்கட்கிழமை பத்து மணிக்கு இருபத்தெட்டுப் பேரும் மருத்துவமனைத் தாழ்வாரத்தில் வந்து உட்கார்ந்தார்கள். நாத்தனாரை அவள் தம்பி, அதாவது படகுக்காரியின் புருஷன், நாற்காலியோடு தூக்கி வந்திருந்தான். நகரத்து வரிசை முதலில் முணுமுணுத்தது. விஷயம் தெரிந்ததும் தையல் ஆலையில் வேலை பார்க்கும் ஒரு பெண் குரல் கொடுத்தாள்.

"எங்களுக்கும் அதே கதைதான்க்கா. பத்து நாளுக்கு ஒருக்கா லீவு கேட்டா சூப்பர்வைசர் கடிச்சுக் குதறுறான். நானே மூணு மாசமா மாத்திரையை விட்டுட்டேன்."

அவளும் வந்து தரையில் உட்கார்ந்தாள். அவளைப் பார்த்து இன்னும் நாலைந்து பேர்.

கவுன்டர்காரர் வெளியே வந்து கத்தத் தொடங்கினார். "எழுந்திருங்க! இதென்ன சந்தையா?" முகம் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்தது. அழுத்தம் பார்க்கும் பட்டையோடு நின்றிருந்த நர்ஸ் அவரையே உற்றுப் பார்த்தாள்.

"அண்ணே, கொஞ்சம் உட்காருங்க. கையை நீட்டுங்க."

நூற்றெண்பத்தெட்டு, நூற்றுப் பத்து. நர்ஸ் இரண்டாம் முறையும் பார்த்தாள். குறையவில்லை.

"எனக்கா? எனக்கு ஒண்ணும் செய்யலையே!"

நாற்காலியிலிருந்து நாத்தனார் வாயைக் கூட்டிக் கூட்டிப் பேசினாள். "நானும்... அப்படித்தான்... சொன்னேன்."

கவுன்டர்காரர் அவளுடைய தொங்கும் கையைப் பார்த்தார். பிறகு பட்டை சுற்றியிருந்த தன் கையைப் பார்த்தார்.

சத்தம் கேட்டு வந்த டாக்டரம்மா ஒவ்வொருவருக்கும் அழுத்தம் பார்க்கச் சொல்லி, இரண்டு மாத மாத்திரைக்குக் கையெழுத்துப் போட்டார். தையல்காரிக்கும் சேர்த்துத்தான்.

"இன்னிக்கு மட்டும்தாம்மா. எப்பவும் இப்படிக் கொடுக்கணும்னா மேலிடத்து உத்தரவு வேணும். நான் எழுதிப் பார்க்கிறேன்."

"எழுதுங்கம்மா," என்றாள் படகுக்காரி. "உத்தரவு வந்தா நான் ஒருத்தி வந்து எல்லாருக்கும் சேர்த்து வாங்கிக்கிறேன். வரலேன்னா ரெண்டு மாசம் கழிச்சு இதே இடத்துல நாங்க இருப்போம். அப்போ ஒரு படகு பத்தாது."

சொல்லிவிட்டு, தன் மாத்திரையை வாங்க வரிசையின் கடைசியில் போய் நின்றாள்.