எட்டு அடுக்குக் கண்ணாடி

நான் கண்ணாடிக்காரன். பெயர் பொன்சாமி. நவுசோரிச் சந்தைக்குப் பின்னால் என் கடை. இங்கே எல்லா வீட்டு ஜன்னலிலும் கண்ணாடிப் பட்டைகள் சாய்வாக அடுக்கியிருக்கும், லூவர் என்போம். அதை அளவெடுத்து வெட்டி மாட்டிக் கொடுப்பது என் தொழில். புயல் அடித்தால் எனக்கு வேலை. இரண்டாயிரமாவது வருஷம் மே மாதம் கலகக்காரர்கள் துப்பாக்கியோடு பார்லிமெண்டுக்குள் புகுந்து, எங்களைப் போல இந்திய வம்சத்தில் வந்த பிரதமரைப் பிடித்து வைத்தபோதும் எனக்கு வேலைதான். தலைநகர் சுவாவில் கடைத்தெரு முழுக்க நொறுங்கிக் கிடந்தது. அடுத்தவன் கஷ்டத்தில் சம்பாதிக்கிறேனே என்று கொஞ்ச நாள் கூச்சமாக இருந்தது. பிறகு எங்கள் வீட்டுக்கே சூறையாட வந்துவிட்டார்கள். கூச்சம் போய்விட்டது.

வீடு ஊருக்கு வெளியே, ரேவா ஆற்றங்கரையில். கண்ணாடிக்காரன் வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டுமா, ஜன்னல் இல்லாத சுவரே கிடையாது. ஒருநாள் முற்பகலில் இந்தத் தீவின் பூர்வகுடிப் பையன்கள் கும்பலாக வந்தார்கள், கையில் கத்தியும் கழியுமாக. நான் கடையில் இருந்தேன். வீட்டில் என் மனைவி மோகினி மட்டும். அரிசி மூட்டை, தையல் மிஷின், கோழிகள், கொடியில் காய்ந்துகொண்டிருந்த என் கால்சட்டை வரைக்கும் எடுத்துக்கொண்டார்கள். போகிற போக்கில் ஜன்னல்களை ஒன்று விடாமல் அடித்தார்கள். பின்பக்கக் கொட்டகையில் மோகினி கண்ணாடி உருக்குகிற கரண்டுச் சூளை சூடாக இருந்தது. அதை ரொட்டி அடுப்பு என்று நினைத்து ஒருவன் மூடியைத் தூக்கினான். "கட்டகட்டா" என்றாளாம் இவள், சுடும் என்று, அவன் பாஷையிலேயே. அவன் கையை இழுத்துக்கொண்டு "வினாகா" என்று நன்றி சொல்லிவிட்டு ரேடியோவைத் தூக்கிக்கொண்டு போனான். உள்ளே இருந்த தட்டுகள் குளிர்காற்று பட்டு ஒவ்வொன்றாக விரிசல் விட்டன.

இதை அவள் எனக்குச் சொன்ன விதம் இருக்கிறதே, அதுதான் என்னை உலுக்கியது. சந்தையில் கத்தரிக்காய் வாங்கி வந்த கதையைச் சொல்வது போலச் சொன்னாள். அழவில்லை, திட்டவில்லை. நான்தான் கத்தினேன். அந்தப் பையன்களையும் அவர்களைப் பெற்றவர்களையும், ஓட்டுப் போட்ட எங்களையும் சேர்த்துத் திட்டினேன். அவள் துடைப்பத்தை எடுத்துக் கண்ணாடியைக் கூட்ட ஆரம்பித்தாள்.

அந்தச் சூளையும் கலகத்தில் வந்ததுதான். எண்பத்தேழில் முதல் கலகம் நடந்தபோது, சுவாவில் இருந்த ஓர் ஆஸ்திரேலியப் பெண்மணி எல்லாவற்றையும் விற்றுவிட்டு ஊருக்குக் கிளம்பினாள். அவள் வீட்டு ஜன்னலுக்கு நான்தான் கண்ணாடி போட்டவன். சூளையை வேண்டாத சாமான் மாதிரி என் தலையில் கட்டினாள். மோகினி அவளிடம் போய் நாலு நாள் உட்கார்ந்து கேட்டுக்கொண்டு வந்தாள். மீதியை உடைத்து உடைத்தே கற்றுக்கொண்டாள்.

நான் வெட்டி எறிகிற துண்டுகள்தான் அவளுக்குச் சரக்கு. துண்டுகளை அடுக்கி எண்ணூறு டிகிரிக்கு மேல் ஏற்றினால் உருகி ஒட்டி ஒரே பலகையாகும். ஆறியதும் அதை மண் அச்சின் மேல் வைத்து, இந்தத் தடவை கொஞ்சம் குறைந்த சூட்டில் மறுபடி ஏற்றினால், கண்ணாடி தளர்ந்து தன் பாரத்தாலேயே அச்சுக்குள் தொய்ந்து கிண்ணமாகும். சிகடோகாப் பக்கத்து ஹோட்டல்களில் அவளுடைய கிண்ணத்தில்தான் பப்பாளி வெட்டி வைப்பார்கள். ஒரு தடவை பத்திரிகைக்காரன் ஒருவன் வந்தான். வேறு வேறு கண்ணாடிகள் ஒன்றாகச் சேர்வது நம் நாட்டுக்கே நல்ல பாடம் இல்லையா என்று கேட்டான். "வேற வேற கம்பெனிக் கண்ணாடியச் சேத்தா ஆறும்போது வெடிச்சிரும்" என்றாள் இவள். அதை மட்டும் அவன் எழுதவில்லை.

சூடு ஏற்றுவது பெரிய வித்தை இல்லை. இறக்குவதில்தான் எல்லாம் இருக்கிறது. ஐந்நூறு சொச்சத்தில் நிறுத்தி வைத்து, உள்ளும் புறமும் ஒரே சூட்டுக்கு வந்தபின் கொஞ்சம் கொஞ்சமாக இறக்க வேண்டும். அவசரப்பட்டால் அன்றே உடையும், இல்லாவிட்டால் ஒரு மாதம் கழித்து அலமாரியில் சும்மா இருக்கும்போது உடையும். புதுச் சூளைகளில் இதையெல்லாம் மிஷினே பார்த்துக்கொள்ளுமாம். எங்களுடையது கிழம். சூடு காட்டும் முள்ளைப் பார்த்துப் பார்த்துக் கையால் குமிழைத் திருப்ப வேண்டும். அதனால் சூளை சூடாக இருக்கிறவரை மோகினி வீட்டைத் தாண்டமாட்டாள். கல்யாணம் கருமாதி எதுவானாலும் நான் மட்டும்தான் போவேன்.

எங்கள் மகள் ரோஷ்னி ஆக்லாந்தில் நர்ஸ். கலகத்துக்கு முன்பே எங்களுக்காக மனுப் போட்டிருந்தாள். வீடு சூறையான அடுத்த மாதம் விசா வந்தது. மாரியம்மனே கொடுத்த மாதிரி இருந்தது எனக்கு. மோகினியிடம் ஓடிவந்து சொன்னேன்.

"சரி" என்றாள்.

கட்டிலை விற்கலாமா என்றால் சரி. கடையைப் பாப்பம்மா மகனிடம் விட்டுவிடலாமா என்றால் சரி. பாப்பம்மா என் தங்கை, அடுத்த தோட்டத்தில்தான் இருக்கிறாள். "அண்ணி ஏன் இப்பிடி இருக்கா?" என்று அவளே என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டாள். பயந்துபோயிருக்கிறாள், அங்கே போனால் சரியாகிவிடும் என்றேன். எனக்கு அப்படித்தான் தோன்றியது. எனக்கே சோறு இறங்கவில்லை, தெருவில் நாய் குரைத்தால் உடம்பு தூக்கிப்போட்டது. எல்லாருக்கும் அப்படித்தானே இருக்கும் என்று நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை விமானம். புதன்கிழமை காலையில் நான் கொட்டகைக்குப் போனபோது அவள் சூளையை நிரப்பிக்கொண்டிருந்தாள். எங்கள் வீட்டு ஜன்னலில் உடைந்த லூவர்களைக் கழுவித் துடைத்து, ஓரங்களைத் தேய்த்து, ஒன்றின் மேல் ஒன்றாக வைத்துக்கொண்டிருந்தாள். உருகி வழியாமல் இருக்கச் சுற்றிலும் செங்கல் துண்டுகளால் அணை கட்டியிருந்தாள். மலைமேல் மின்சாரம் எடுக்கும் அணைக்கட்டைப் பிடித்துக்கொண்டு கலகக்கார ஆட்கள் உட்கார்ந்திருந்த காலம் அது. பல வாரங்கள் மின்சாரம் முறைவைத்துத்தான் வந்தது. அந்த வாரம்தான் நிற்காமல் வர ஆரம்பித்திருந்தது.

"ஊருக்குப் போற நேரத்துல இது என்னா?" என்றேன்.

"கண்ணாடி கெடக்குது. வீணாப் போவணுமா?"

நான் அடுக்குகளை எண்ணினேன். எட்டு. அவள் எப்போதும் வைப்பது இரண்டு, மிஞ்சினால் மூன்று. எனக்குச் சூளை வேலை தெரியாது, ஆனால் கண்ணாடி தெரியும். பதின்மூன்று வருஷம் அவள் பக்கத்தில் இருந்து காதால் கேட்டதும் உண்டு. தடிமன் இரண்டு மடங்கானால் ஆறுகிற நேரம் நான்கு மடங்கு. இவ்வளவு கனமான கட்டி ஞாயிற்றுக்கிழமைகூட ஆறி முடியாது. வெள்ளிக்கிழமை காலையில் அது சாவும் பிழைப்புமாக இருக்கிற நேரம். அதை விட்டுவிட்டு அவள் எங்கும் நகர முடியாது.

இது அவளுக்குத் தெரியாதா? அவளுக்குத் தெரியாமல் யாருக்குத் தெரியும். நான் ஏதாவது கேட்டிருக்க வேண்டும். கேட்டால் பதில் சொல்லிவிடுவாளோ என்று கேட்கவில்லை. மூடியை இறக்கினாள், குமிழைத் திருப்பினாள். நான் போய்ப் பெட்டியில் துணி அடுக்கினேன். அவளுடைய புடவைகளையும் நானே மடித்து வைத்தேன். அவள் அதை எடுத்து வெளியே வைக்கவில்லை, அதில் எனக்கு ஒரு நம்பிக்கை.

வியாழக்கிழமை முழுக்க அவள் சூளை பக்கத்திலேயே இருந்தாள். நான் அங்கேயே சாப்பாட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். சாப்பிட்டாள். பருப்பில் உப்பு கூடிவிட்டது என்றுகூடச் சொன்னாள்.

வெள்ளிக்கிழமை காலையில் டாக்சிக்கார நரேந்திரா சீக்கிரமே வந்துவிட்டான். வழியில் ராணுவச் சோதனை இருக்கும், விமான நிலையம் இருக்கும் நாந்திக்குப் போய்ச் சேர நேரமாகும் என்று பரபரத்தான். எங்கள் பெட்டிகளை வண்டியில் வைத்துவிட்டுக் கொட்டகைக்குப் போனேன். மோகினி வீட்டில் கட்டுகிற பழைய புடவையிலேயே இருந்தாள். முள் நானூற்றெண்பதில் நின்றிருந்தது.

எனக்கு எதிரே சுவரில் மெயின் சுவிட்ச். அதை இறக்கிவிட்டால் போதும். கண்ணாடி கெட்டுப்போகும், அவளுக்கு இருக்க ஒரு காரணம் இருக்காது. கை அந்தப் பக்கம் போனதுகூட உண்மை. அதற்குள் தலைக்குமேல் விளக்கு அணைந்தது. வீட்டுக்குள் பிரிட்ஜ் ஒரு முக்கல் முக்கி நின்றது. கரண்டு தானாகவே போய்விட்டது.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஒளிப்பானேன், கையெடுத்துக் கும்பிடலாம் போல இருந்தது.

கரண்டு போனால் மோகினி என்ன செய்வாள் என்று எனக்குத் தெரியும். அடுத்த நொடியே எழுந்து காற்றுத் துளையை அடைப்பாள், மூலையில் சுருட்டி வைத்திருக்கும் கனத்த போர்வையைச் சூளைமேல் போர்த்துவாள், அதற்குமேல் சாக்குகளைப் போடுவாள். கை சுட்டாலும் நிறுத்தமாட்டாள். பக்கத்தில் நான் நின்றால் "தள்ளு தள்ளு" என்று கத்துவாள். பல தடவை அப்படிச் சூட்டைக் காப்பாற்றியிருக்கிறாள்.

அன்று அவள் எழுந்திருக்கவே இல்லை. முள் இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். போர்வை மூலையிலேயே கிடந்தது.

"போர்த்தலியா?" என்றேன். என் வாயிலிருந்து எப்படி வந்ததோ.

"வேணாம்."

"அப்ப கண்ணாடி போச்சு."

"போச்சு."

"அப்ப இனிமே என்னா? எழுந்திரு. புடவைய மாத்திட்டு வா. நரேந்திரா நிக்கிறான்."

அவள் என்னைப் பார்த்தாள். பல வாரங்களுக்குப் பிறகு என் முகத்தை நேராகப் பார்த்தது அப்போதுதான்.

"என்னாங்க, நான் வரல."

சூளைக்குள் ஏதோ நெரிகிற சத்தம் கேட்டது. இருவருமே அந்தப் பக்கம் திரும்பவில்லை.

"இங்க என்னா இருக்குதுன்னு இருக்கப் போற? ஜன்னல்கூட இல்ல."

"நீங்க எதுக்குப் போறீங்க?"

"எதுக்கா? பயமா இருக்குது, போறேன். கோவமா இருக்குது, போறேன். மனுஷனுக்கு வேற என்னா வேணும்?"

"எனக்கு அது ரெண்டும் வரல" என்றாள். "அந்தப் பசங்க போன பின்னாடி பயம் வரும்னு பாத்தேன். நீங்க கத்தினப்போ எனக்கும் கோவமாச்சும் வரும்னு பாத்தேன். ஒண்ணும் வரல. விசா வந்திச்சு, அப்பவும் ஒண்ணும் வரல. இப்பிடி வெறும் ஆளா அங்க வந்து, புது அடுப்பு, புது ரோடு, புது ஜனம், எல்லாத்தையும் மொதல்லேருந்து எப்பிடி ஆரம்பிக்கிறது? இங்கன்னா ஒண்ணும் தோணாமலே நாளத் தள்ளிரலாம். எது எங்க இருக்குதுன்னு கைக்குத் தெரியும்."

"அவனுங்க திரும்ப வந்தா?"

"வந்தா எத எடுத்துட்டுப் போவானுங்க? எல்லாம் எடுத்தாச்சு."

"ரோஷ்னி கேட்டா நான் என்னா சொல்றது?"

"நானே போன் பண்ணிச் சொல்றேன். பாப்பம்மா வந்து படுத்துக்கறேன்னிருக்கா."

ஆக, பாப்பம்மாவிடம் பேசி முடிவு செய்திருக்கிறாள். எனக்குத்தான் எட்டு அடுக்குக் கண்ணாடி. வாயால் சொல்ல அவளுக்குத் தெம்பு இல்லை என்று இப்போது புரிகிறது. அப்போது ஆத்திரம்தான் வந்தது. அந்த ஆத்திரத்திலும் அவளை இழுத்துக்கொண்டு போக எனக்குத் தோன்றவில்லை, இழுத்திருந்தாலும் வெறும் பெட்டி மாதிரிதான் வந்திருப்பாள்.

வெளியே நரேந்திரா ஹாரன் அடித்தான். "பையா, சலோ!" என்று இந்தியில் கத்தினான், அண்ணே கிளம்பு என்று.

மோகினி எழுந்து என்னோடு வண்டிவரை வந்தாள். பின்னால் திறந்து தன் பெட்டியை மட்டும் எடுத்துக் கீழே வைத்தாள். என் சட்டைக் காலரைச் சரிசெய்தாள். அப்புறம் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள், நான் எதையோ சொல்லப் போகிறேன் என்பது போல. நானும் இருந்துவிடுகிறேன் என்பது இரண்டே வார்த்தை. தொண்டை வரை வந்தது. ரோட்டில் எங்கோ பையன்கள் சிரிக்கிற சத்தம் கேட்டது, பள்ளிக்கூடம் போகிறவர்களாகத்தான் இருக்கும். என் உடம்பு தூக்கிப்போட்டது. அவள் அதைப் பார்த்தாள்.

"ஏறுங்க" என்றாள்.

எனக்குப் பயம் இருந்தது. நான் ஏறினேன்.